உயர்தர வகுப்பு வரலாற்றுப் பாடம்: தேர்வும் அமைப்பும்

உயர்தர வகுப்புகள் தொடங்கும் பருவத்தில், கலைப்பிரிவிற் சேர்ந்து வரலாற்றைப் பாடமாக எடுத்துக்கொண்ட மாணவர் முன்னே ஒரு வினா வைக்கப்படுகின்றது. இலங்கை வரலாறு யாவர்க்கும் பொது. அதனோடு இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலக வரலாறு என்னும் மூன்றனுள் எதனைச் சேர்த்துப் படிப்பது என்பதே அவ்வினா. விடை பெரும்பாலும் விரைந்து கிடைத்துவிடுகின்றது. எப்பகுதிக்குக் குறிப்புகள் கைவசம் உள, எப்பகுதியில் முன்னைய மாணவர் கூடிய புள்ளி பெற்றனர், எப்பகுதியைக் கற்பிக்க ஆசிரியர் உளர், எப்பகுதிக்குத் தனியார் வகுப்பு நடைபெறுகின்றது என்னும் நான்கும் ஆராயப்பட்டவுடன் தேர்வு முடிவுறும். எல்லாவற்றிற்கும் முன்னதாக ஆராயவேண்டிய ஒன்று மட்டும் ஆராயப்படாது நின்றுவிடுகின்றது. இப்பாடத்தைக் கற்று வெளியேறும் மாணவர் எதனைச் செய்ய வல்லவராவர் என்பதே அது.

வரலாறு கற்றவர் என ஒருவரைக் கூறுதற்கு உரிய அடையாளம் யாது? மன்னர் பெயரையும் ஆண்டையும் நிரல்படக் கூறுதல் நினைவாற்றலுக்கு அடையாளமாகலாம். ஒரு செய்தி செவிப்படும்போது, அதனைக் கூறியவர் யார், எக்காலத்திற் கூறினர், எதன்பொருட்டுக் கூறினர், அதனை அறியும் வாய்ப்பு அவர்க்கு இருந்ததா என வினவி, அதற்கேற்ற அளவில் நம்பவும் நம்பாது விடவும் அறிதலே வரலாற்றுக் கல்வி தரும் திறன். இத்திறன் நூற்சுருக்கத்தைப் படிப்பதால் வருவதன்று. சான்றுகளை நேரிற்கண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறுத்துப் பார்ப்பதாலேயே வரும். ஆதலின் எச்சான்றுகள் மாணவரின் கைக்கும் கண்ணுக்கும் மொழிக்கும் எட்டுவன என்பதனை முதலில் நோக்கியே பாடம் தேரப்படல் வேண்டும், அமைக்கப்படலும் வேண்டும்.

மாணவரின் சூழலுக்கும் வரலாற்றுப் பாடத்திற்கும் உள்ள இடைவெளி புதிதன்று. 1880ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் இலங்கையிற் புகுந்த பின்னர், ஆங்கிலக் கல்லூரிகளின் மேல்வகுப்புகளில் சரித்திரம் என்றது பெரும்பாலும் இங்கிலாந்துச் சரித்திரத்தையே குறித்தது. தியூடர் மன்னரை வகுப்பறையில் அறிந்த மாணவர், நல்லூர்ச் சங்கிலியனை வீட்டு விறாந்தையிற் பெரியோர் கூறக் கேட்டே அறிந்தனர். பின்னர் கொட்றிங்ரன் எழுதிய இலங்கைச் சரித்திரச் சுருக்கம் 1926இலும், ஜீ. சீ. மெண்டிஸ் எழுதிய இலங்கையின் பண்டைய வரலாறு 1932இலும் வெளிவந்தன. அவற்றின் வழியாக இந்நாட்டு வரலாறு மேல்வகுப்பில் மதிப்புப் பெற்றது. பல்கலைக்கழகத்துக் கலைப்பாடங்கள் 1960ஆம் ஆண்டளவில் தாய்மொழிக்கு மாறியதும், தமிழில் வரலாற்று நூல் எழுதும் முயற்சி ஊக்கம் பெற்றது.

ஆயினும் ஒவ்வொரு சீர்திருத்தமும் ஒரு கையால் ஈந்ததை மறுகையாற் கவர்ந்தது. 1972ஆம் ஆண்டின் மாற்றத்தில், கீழ்வகுப்புகளில் வரலாறும் புவியியலும் தம் தனித்தன்மை இழந்து சமூகக்கல்வி என ஒன்றாயின. 2007ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தோடு வரலாறு தனிப்பாடமாகவும் கட்டாய பாடமாகவும் மீண்டது. மீண்டதேனும், அது மீண்டது ஒரே நூலை ஒரே குரலில் உரைக்கும் பாடமாகவே. பதினோராம் ஆண்டுவரை அவ்வொரு குரலையே கேட்டுவந்த மாணவர்க்கு, வரலாறு என்பது பல குரல்களின் வழக்கு என முதன்முதல் உணர்த்த வல்லது உயர்தர வகுப்பே. 2000ஆம் ஆண்டிலிருந்து உயர்தரத்திற்குரிய பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாயின என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மூன்றில் ஒன்றாகிய பாடத்திற்கு அதற்குரிய ஆழம் தரப்படாவிடின், மாணவர் இழப்பது கல்வியின் மூன்றிலொரு பங்காகும்.

இனி மூன்று பகுதிகளின் தகுதியையும் தனித்தனியே நோக்குதல் தகும். ஐரோப்பிய வரலாற்றை வேண்டுவோர் கூறும் காரணம் வலியது. காரண காரியத் தொடர்ச்சியை அது தெளிவாகக் காட்டும். அன்றியும், அதனை அறியாதார் யாழ்ப்பாண வரலாற்றையே முற்ற அறியார். 1795ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன் காரணம் பண்ணைக் கடலோரத்தில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்தினுட் புகுந்தன. அந்நாட்டுத் தலைவர் இங்கிலாந்துக்கு ஓடினார். அங்கே கியூ என்னுமிடத்திலிருந்து, குடியேற்றங்களை ஆங்கிலேயர் பாதுகாப்பில் விடுமாறு திருமுகம் விடுத்தார். பாரிசில் மூண்ட தீயின் வெக்கை யாழ்ப்பாணம்வரை எட்டியது. இத்துணைச் சிறப்பிருந்தும், ஐரோப்பிய வரலாற்றின் மூலச்சான்றுகள் தமிழ்வழி மாணவர்க்கு எட்டாத மொழிகளில் உள. ஆதலின் அது பிறர் ஆய்ந்து முடித்த முடிவுகளைப் படிக்கும் பாடமாகவே வகுப்பறையில் நின்றுவிடுகின்றது.

நவீன உலக வரலாறு இளைஞரை எளிதில் ஈர்ப்பது. இரு உலகப்போர்கள், குடியேற்ற நாடுகளின் விடுதலை, வல்லரசுகளின் பூசல் என்பன இன்றைய உலகை விளக்குவன. நெடும்போரொன்றைக் கண்ட மண்ணில் வளரும் பிள்ளைகள், ஏனைய நாடுகள் எவ்வாறு போரினுட் புகுந்தன, எவ்வாறு மீண்டன என அறிதல் பயனுடைத்து. இக்காரணத்தை எளிதில் ஒதுக்கலாகாது. எனினும் இப்பகுதிக்கு ஓர் ஊறு உண்டு. நாளிதழிலும் திரையிலும் முன்னரே கேட்ட கருத்துகளை மாணவர் வகுப்பினுட் கொணர்கின்றனர். அவற்றைச் சோதிக்கும் பயிற்சி முன்னர் அமையாவிடின், கொணர்ந்த கருத்தையே மீளக் கொண்டுசெல்கின்றனர்.

இந்திய வரலாற்றைப் பலர் வேண்டுவதும் சிலர் மறுப்பதும் ஒரே காரணம் பற்றி. அது தமிழ் மன்னர் பெருமை பேசும் என்பதே அக்காரணம். வேண்டுவோர் அதனை நன்மை என்பர்; மறுப்போர் தீமை என்பர். இருசாராரும் அப்பாடத்தின் மெய்யான தகுதியைக் காணத் தவறினர். பிற பகுதிகளுக்கில்லாத ஒரு வாய்ப்பு அதற்குண்டு. அதன் சான்றுகளில் ஒரு பெரும்பகுதியை யாழ்ப்பாணத்து மாணவர் தம் மொழியிலேயே, எழுத்துக்கூட்டியேனும், வாசிக்கலாம். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில் ஈழமண்டலத்து ஊர்களும் அக்கோயிலுக்கு நிவந்தமாக விடப்பட்டமை காணலாம். மாதோட்டத்தில் இராசராசேச்சரம் எடுப்பித்த தாழிகுமரனின் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் உள்ளது. பொலன்னறுவையின் வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நின்று காட்சி தருகின்றது.

அச்சான்றுகள் பெருமையை மட்டும் பேசுவனவும் அல்ல. 1017ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்த சோழர், விகாரைகளை உடைத்துச் செல்வத்தைக் கவர்ந்தனர் எனச் சூளவம்சம் கூறுகின்றது. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரையிலோ, அவ்விகாரை இராசராசப்பெரும்பள்ளி எனச் சோழ மன்னன் பெயரால் வழங்கியதையும், அதற்குத் தமிழர் விளக்கும் பசுவும் காசும் ஈந்ததையும் தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. சோழர் பௌத்தத்தின் பகைவரா, புரவலரா? ஒரு சான்றை மட்டும் படித்த மாணவர் உடனே விடை கூறுவர். இரண்டையும் படித்தவர் சற்றே தயங்குவர். கொள்ளை எந்த ஆண்டில், கொடை எந்த ஆண்டில், கூறியவர் துறவியா வணிகரா போர்வீரரா எனக் கேட்பர். அத்தயக்கமே வரலாற்றுக் கல்வியின் முதற்பேறு. அதனைத் தருதல் பற்றியே, யாழ்ப்பாணச் சூழலில் இந்திய வரலாறு முதலிடம் பெறத்தக்கது. ஐரோப்பிய ஆவணங்களை மொழிபெயர்த்து வகுப்பில் வைக்கவல்ல ஆசிரியர் ஒரு கல்லூரியில் இருப்பின், அக்கல்லூரிக்கு ஐரோப்பிய வரலாறே ஏற்றதாகும். அளவுகோல் ஒன்றே, அதனால் அளக்கப்படும் சூழல் வேறுபடலாம்.

தேர்வுக்கு அடுத்தது அமைப்பு. இலங்கை வரலாற்றை முதலிலிருந்து முடிவுவரை ஓராண்டிலும், மற்றைப் பகுதியை மறுவாண்டிலும் ஓட்டிச்செல்லும் முறை பரந்து வழங்குகின்றது. இம்முறையில் இரு பாடங்களும் ஒன்றையொன்று காண்பதில்லை. அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியரோடு தாமிரபரணியும் குறிக்கப்படுவது இந்திய வரலாற்றில் ஒரு வரியாகவும், தேவநம்பியதீசனின் நட்பு இலங்கை வரலாற்றில் ஒரு வரியாகவும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் காலநிரலில் ஒருசேரக் கொண்டுசெல்வதே பொருத்தம். காலநிரல் பாடத்தின் முதுகெலும்பு, அதனைக் கைவிடலாகாது. ஆயின் எல்லா நூற்றாண்டுகளுக்கும் சமமான பொழுது தருதல் எதற்கும் போதிய பொழுது தராமைக்கு ஒப்பாகும். ஆதலின் நெடுவழியில் ஐந்து இடங்களில் வண்டியை நிறுத்தி, ஒவ்வோரிடத்தும் இருவாரமேனும் தங்கிச் சான்றுகளை ஆராய்ந்து மேற்செல்வது நன்று. சோழர் காலத்துச் சான்றுகள் அவற்றுள் ஒன்றாக மேலே காட்டப்பட்டன. ஏனைய நான்கும் யாழ்ப்பாண மண்ணிலேயே உள.

முதலாவது, எழுதப்பட்ட நூல் இல்லாத காலம். கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து நாணயங்களையும் பௌத்தச் சின்னங்களையும் வெளிப்படுத்தினார். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிற் சென்ற குழு, ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமப் புதையலையும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டெடுத்தது. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீபத்தில் ஒரு விகாரை எழுந்ததைக் கூறுகின்றது. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கும் மாணவர், பண்டை யாழ்ப்பாணத்தில் பௌத்தம் செழித்தது என்னும் செய்தியைக் கூச்சமின்றி ஏற்கப் பழகுவர். பௌத்தம் இருந்தமையால் அங்கே வாழ்ந்தோர் இன்ன இனத்தவர் என முடிவுகட்டுதல் தவறு என்பதையும் அவரே கண்டுகொள்வர். சமயத்தையும் மொழியையும் இனத்தையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் பிற்காலத்தது.

இரண்டாவது நிறுத்தம் நல்லூர். இஃது இப்பாடத்தின் நடுநாயகம் எனத்தகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை எடுப்பித்தவர் யார் என்னும் வினாவுக்கு மூன்று சான்றுகள் உள. ஒன்று, திருவிழாக்காலத்தில் இன்றும் ஓதப்படும் கட்டியம். அது சிறீசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயரைப் போற்றுகின்றது. மற்றொன்று, மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த ஆட்சியாளர் விருப்பத்திற்கிணங்க 1736ஆம் ஆண்டளவில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை. அது புவனேகபாகு என்பானை யாழ்ப்பாண அரசனின் மந்திரி என்கின்றது. கோயில் எழுந்த காலமாக வழங்கும் சக ஆண்டு 870, அதாவது கி.பி. 948. மூன்றாவது, இராசாவலிய முதலிய சிங்கள நூல்கள். கோட்டையரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், 1450ஐ அடுத்து, சப்புமல் குமாரயன் யாழ்ப்பாணத்தை வென்றான் என்பதை அவற்றால் அறிகின்றோர், அவனே செண்பகப் பெருமாள் எனத் தமிழில் வழங்கியவன் என்றும், பின்னர் கோட்டைக்கு மீண்டு ஆறாம் புவனேகபாகு எனும் பெயரில் அரசாண்டான் என்றும் கண்டனர்.

இம்மூன்றையும் மாணவர் முன்வைத்து, ஆசிரியர் தம் கருத்தைக் கூறாது இருத்தல் வேண்டும். எது முந்தியது? எது எவரை மகிழ்விக்க எழுந்தது? சிறீசங்கபோதி என்னும் விருது மந்திரிக்கு உரியதா, சிங்கள மன்னருக்கு உரியதா? பத்தாம் நூற்றாண்டு என்னும் காலக்கணிப்பு, ஆரியச்சக்கரவர்த்தி என்னும் பெயர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சூளவம்சத்திற் காணப்படுவதோடு எங்ஙனம் இயையும்? வைபவமாலை ஆசிரியர் தமக்கு ஆதாரமாகக் கொண்ட நூல்களுள் பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் இன்று கிடைப்பனவல்ல. எனின் அவர் கூற்றை எவ்வளவுக்கு நம்பலாம்? வினாக்கள் மாணவரிடமிருந்தே எழுதல் வேண்டும். ஆய்வாளர் பலரும் கட்டியத்துப் புவனேகபாகு சப்புமல் குமாரயனே எனக் கொள்வர். அம்முடிவை மாணவர் ஏற்பினும் ஏற்காவிடினும், ஏற்றற்கும் மறுத்தற்கும் காரணம் காட்டப் பழகுவர்.

இதனுள் மற்றொரு பயனும் உண்டு. ஆறாம் புவனேகபாகுவே அக்கட்டியத்துக்கு உரியவன் எனின், தெற்கிலிருந்து படையொடு வந்த ஓர் இளவரசனின் பெயரை, கோயில் 1621இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுந்த பின்னரும், தமிழ் மக்கள் தம் தெய்வத்தின் முன்னிலையில் வாழ்த்தி வருகின்றனர் என்பது பெறப்படும். இருமொழி மக்களின் உறவு போரினால் மட்டும் ஆயதன்று என்பதற்கு, எவரும் புனைந்துரையாத ஒரு சான்று ஆண்டுதோறும் கோயில் வீதியில் ஒலிக்கின்றது. பல்லாண்டு அதனைக் கேட்டும் கேளாதிருந்த செவி, பாடம் முடிந்த ஆண்டின் திருவிழாவில் அதனைக் கேட்கும்.

வைபவமாலையை ஆராய்ந்தோர் தம்முள் மாறுபட்டமையும் இந்நிறுத்தத்திலேயே கற்பிக்கத்தக்கது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் எழுதிய ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் ஆங்கில நூலில் இவ்வரசின் தொன்மையை மிக முன்னே கொண்டுசென்றார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் வைபவமாலைச் செய்திகளைப் பிற ஆதாரங்களோடு உரைத்துப்பார்த்தார். பேராசிரியர் சி. பத்மநாதன் 1978இல் யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டார். இவற்றையெல்லாம் விஞ்சி மாணவர் உள்ளத்திற் பதியவேண்டியது இந்திரபாலாவின் செயல். தமிழர் நிலையான குடியேற்றங்கள் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டை அடுத்தே பரவலாயின எனத் தம் 1965ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வேட்டில் அவர் நிறுவினார். பின்னர்த் தாமே அகழ்ந்த ஆனைக்கோட்டை முதலாய தொல்லியற் சான்றுகளை எண்ணி, 2005இல் வெளியிட்ட நூலில் அம்முடிவைத் தாமே கைவிட்டார். தமிழரும் சிங்களவரும் வந்தேறிய இரு கூட்டத்தார் என்பதை விடுத்து, இத்தீவிலேயே நெடுங்காலம் வாழ்ந்த மக்களிடமிருந்து இரு இனக்குழுக்களாக உருவாகியோர் என விளக்கினார். நாற்பதாண்டுக்குப்பின் ஓர் அறிஞர் தம் நூலைத் தாமே மறுத்தார் என்பதனினும் மேலான பாடத்தை எந்தப் பாடநூல் தரும்?

மூன்றாவது நிறுத்தம் தேசவழமை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, பன்னிரு முதலிமாரால் சரிபார்க்கப்பட்ட இச்சட்டத் தொகுப்பு, யாழ்ப்பாணத்தின் சமூக வரலாற்றுக்கு மிகச் சிறந்த ஆவணம். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்களை மாணவர் வீட்டிலுள்ள காணி உறுதிகளில் இன்றும் காணலாம். பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தது என்று மகிழ்வோடு காட்டும் ஆசிரியர், அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. ஒரு மனிதரை மற்றொருவர் உடைமையாகக் கொள்ள இடமளித்த சட்டத்தைப் பன்னிரு பெரியோர் படித்துச் சரியெனக் கூறினர். 1844ஆம் ஆண்டுவரை அடிமைமுறை இந்நாட்டுச் சட்டத்தில் நிலவியது. அன்று அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்களும், அடிமைப்படுத்தினோரின் வழித்தோன்றல்களும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கலாம். அதனை எண்ணியே ஆசிரியர் சொல்லை அளந்து பேசல் வேண்டும். அளந்து பேசுதல் வேறு, பேசாது விடுதல் வேறு.

நான்காவது நிறுத்தம் இருபதாம் நூற்றாண்டின் இறுதி. பாடத்திட்டத்தின் எல்லை எங்கு நிற்பினும், மாணவர் உள்ளத்தின் வினாக்கள் அவ்வெல்லையில் நிற்பதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன என்பதை யாழ்ப்பாணத்து மாணவர் யாவரும் அறிவர். வரலாற்று மாணவருக்கு அது துயரச் செய்தி மட்டுமன்று. தம் ஆய்வுக்கு வேண்டிய சான்றுகளின் அழிவும் ஆகும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீடு துறந்ததையும் அவ்வளவு மாணவர் அறிவரா? தமக்கு இழைக்கப்பட்டதை நினைவிற் கொண்டு, தம்மவர் பிறர்க்கு இழைத்ததை மறக்கும் வரலாறு, மகாவம்சத்தை ஒருதலையாகப் படிப்போர் செய்யும் பிழையையே மறுபுறத்திற் செய்வதாகும்.

மகாவம்சமும் இவ்வாறே முழுமையாகப் படிக்கத்தக்கது. துட்டகாமினியின் வெற்றியைப் பாடும் அந்நூலே, எல்லாளன் நடுநிலை தவறாது ஆண்டான் எனவும், வீழ்ந்த அவனுக்கு வென்றவன் நினைவிடம் அமைத்து மக்கள் வழிபடச்செய்தான் எனவும் கூறுகின்றது. அதனைப் படியாது பழிப்போரும் படியாது போற்றுவோரும் நாட்டில் மலிந்துள்ளனர். படித்துவிட்டுப் பேசும் சிலரையாவது உயர்தர வகுப்பு உருவாக்குதல் வேண்டும்.

இவ்வமைப்பை மறுப்போர் முதலிற் கூறுவது பரீட்சையை. வினாத்தாள் விடயத்தைக் கேட்கின்றது. ஐந்து இடத்தில் தங்கினால் பாடத்திட்டம் முடியுமா என்பர். நேர்மையான தடையே. அதற்கு இரு மறுமொழிகள் உள. முதலாவது, ஐந்தனுள் நான்கு நிறுத்தங்கள், ஆதிக்குடியிருப்பு, சோழராட்சி, கோட்டை அரசும் யாழ்ப்பாண அரசும், ஒல்லாந்தர் ஆட்சி என எவ்வகையிலும் கற்பிக்கவேண்டிய தலைப்புகளின்மேலேயே அமைந்துள்ளன. இரண்டாவது, இருசான்றுகளை ஒப்பிட்டு ஒருமுறை வாதிட்ட மாணவர், அக்காலப் பெயர்களையும் ஆண்டுகளையும் தாமே தேடி அறிந்தவராவர். தேடி அறிந்தது குறிப்பேட்டில் எழுதிப் பெற்றதினும் நெடுநாள் நிற்கும். இருபத்தைந்து பக்கக் குறிப்பை மனனம் செய்து தேர்வறையில் இறக்கிவைத்து வெளியேறுவோர், மறுவாரம் அதனை நினைப்பதில்லை.

இரண்டாவது தடை நூலின்மை. இதில் உண்மை மிகுதி. போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றிக் குவேரோஸ் பாதிரியார் எழுதிய பெருநூல் எஸ். ஜி. பெரேராவின் மொழிபெயர்ப்பால் 1930இல் ஆங்கிலத்தில் கிடைத்தது. தமிழ்வழி மாணவர்க்கு அது பூட்டிய பெட்டியே. வைபவமாலையின் வேண்டிய பகுதி, கட்டியம், தேசவழமையின் சில பிரிவுகள், பராக்கிரமபாகு நயினாதீவிற் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, குவேரோஸின் சில பக்கங்கள் என்பன சுருங்கிய குறிப்புரையோடு ஒரு சிறு தொகுப்பாக வெளிவருமாயின், ஆசிரியர் பலரின் இடர் தீரும். நயினாதீவுக் கல்வெட்டு ஒன்றே வகுப்பு முழுவதற்கும் போதிய விருந்து. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு அரசுக்கு, ஏனைய சரக்குக் கலம் உடைந்தால் பாதி அரசுக்கு என விதித்த அச்சாசனத்தைச் சிங்கள மன்னன் தமிழில் ஏன் பொறித்தான் என்னும் ஒரு வினா, வணிகத்தையும் மொழியையும் அரசையும் ஒருங்கே திறந்துகாட்டும். பழைய தமிழ் நூல்கள் பலவற்றை ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் 2005ஆம் ஆண்டு முதல் திரட்டி வைத்துள்ளமையால், இத்தொகுப்பைத் தயாரித்தல் முன்போல் அரிதன்று. கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் ஈயும் பொருளில் ஒரு சிறுகூறு இதற்குப் போதும்.

மூன்றாவது தடையை வாயாற் கூறுவார் இலர். உள்ளத்தில் உடையார் பலர். வரலாறு, கணிதமும் உயிரியலும் வாயாதோர் படிக்கும் பாடம் என்பதே அது. மருத்துவரையும் பொறியியலாளரையும் ஆக்குதல் கல்லூரியின் பெருமை எனக் கொண்ட சமூகம், தன் கடந்தகாலத்தை ஆராயும் பணியை எஞ்சியோர்க்கு விட்டுவிட்டது. விட்டதன் பயனையும் அதுவே நுகர்கின்றது. மேடையில் ஒருவர் எழுந்து ஐயாயிரம் ஆண்டு என்றால் அவை கைதட்டுகின்றது. மற்றொருவர் எழுந்து ஐந்நூறு ஆண்டு என்றால் சினக்கின்றது. சான்று யாது எனக் கேட்பார் இருபொழுதும் இலர்.

அங்ஙனம் கேட்கும் சிலரை ஆக்குதலே உயர்தர வரலாற்றுப் பாடத்தின் நோக்கமாயின், அதன் தேர்வு புள்ளிக் கணக்காலும் அதன் அமைப்பு குறிப்பேட்டின் தடிப்பாலும் முடிவாதல் பொருந்தாது. புதிய வகுப்பு தொடங்குமுன், எப்பகுதி எளிது என்னும் வினாவை ஒருபுறம் வைத்து, எச்சான்றை மாணவர் தாமே வாசிக்க இயலும் என்னும் வினாவை ஆசிரியர் தம்முட் கேட்பாராயின், பாடத்தின் பாதி அமைந்துவிட்டது எனலாம். மறுபாதி நல்லூர் வீதியிலும், கந்தரோடை மண்ணிலும், வீட்டுப் பெட்டகத்துக் காணி உறுதியிலும் மாணவரின் வருகைக்குக் காத்திருக்கின்றது.